நியாயவாதி லிங்கனின் கட்சிக்காரர்கள்

எமது பாடசாலை வாசிப்பு நூல்களிலே ஆபிரகாம் லிங்கன் இரண்டு கோலங்களில் மட்டுமே வருகிறார். ஒன்று, மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய குடிசையில், அடுப்பு வெளிச்சத்திலே இரவல் புத்தகம் படிக்கும் ஏழைச் சிறுவன். மற்றது, அடிமைகளின் தளையைத் தறித்த குடியரசுத் தலைவர். முன்னதிலிருந்து பின்னதற்கு அவர் ஒரே பாய்ச்சலிற் போய்விட்டதாக மாணவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ஆசிரியர்களாகிய நாமும் அப்படியே சொல்லிக் கொடுத்து வருகிறோம். ஆனால் 1837ஆம் ஆண்டு தொடக்கம் 1861ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ இருபத்துநான்கு வருடகாலம், இம்மனிதர் எத்தொழிலாற் சீவனம் நடத்தினார்? இலினோய் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் பட்டினத்திலே, ஒரேயொரு பங்காளியுடன், ஒரு சிறு அலுவலகத்திலிருந்து வழக்காடினார். அவ்வழக்குகளிற் பெரும்பாலானவை கொலையோ களவோ அல்ல. பணமும் காணியும் பற்றிய சிவில் வழக்குகள். ஒருவன் தன் உணவைத் தேடிய வழியை அறியாமல் அவனது அரசியலை அறிதல் இயலாது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, இந்த இடைக்காலத்தைச் சற்று நின்று நோக்குவோம்.

லிங்கன் சட்டத்தை முதன்முதலில் எதிர்கொண்டது நியாயவாதியாக அன்று, கடனாளியாகவே. நியூ சேலம் என்னும் சிற்றூரில் அவர் வேறொருவருடன் கூட்டாக நடத்திய கடை நொடித்துப் போயிற்று. கூட்டாளியும் இறக்கவே, கடன் முழுவதும் லிங்கன் தலையில் விழுந்தது. கடன் கொடுத்தவர்களுள் ஒருவர் வழக்கிட்டுத் தீர்ப்புப் பெற்றார். நம் நாட்டுப் பிஸ்காலை ஒத்த உத்தியோகத்தரான ஷெரிப் வந்து, லிங்கனின் குதிரை, சேணம், அவர் அப்போது பிழைப்புக்கு நம்பியிருந்த நிலஅளவைக் கருவிகள் ஆகியவற்றைக் கைப்பற்றி ஏலத்தில் விட்டார். நல்ல அயலவர் ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்திராவிட்டால் அம்மனிதரின் வாழ்வு எத்திசையில் திரும்பியிருக்குமோ! எஞ்சிய கடனை அவர் பல வருடங்களாகக் கொடுத்துத் தீர்த்தார்.

அக்காலத்து மேற்குப் புறத்திலே சட்டக் கல்லூரி தேடிப் போவார் எவருமிலர். ஜோன் ஸ்ரூவாட் என்னும் நியாயவாதியிடம் புத்தகங்களை இரவல் வாங்கி, பிளாக்ஸ்ரனின் ஆங்கிலச் சட்ட விளக்கங்களைத் தாமே கற்று, 1836ஆம் ஆண்டு செப்டெம்பரில் லிங்கன் அனுமதிப் பத்திரம் பெற்றார். அடுத்த ஏப்பிரலில் ஸ்பிறிங்பீல்டுக்குக் குடிபெயர்ந்து அந்த ஸ்ரூவாட்டுடனேயே பங்காளியானார். 1841இல் ஸ்ரீபன் லோகனுடன் சேர்ந்தார். 1844ஆம் ஆண்டின் பின் வில்லியம் ஹேர்ண்டன் என்னும் இளைஞரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். வயதிலும் பெயரிலும் மூத்தவர் தாமாயினும் வருமானத்தைச் சரிபாதியாகவே பகிர்ந்தார். ஹேர்ண்டன் அடிமைமுறையை வெளிப்படையாக வெறுத்தவர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் தகும். புறொக்டர் என்றும் அப்புக்காத்து என்றும் 1970கள் வரை எம்மிடையே நிலவிய பிரிவு அங்கே இருக்கவில்லை. பத்திரம் எழுதுபவரும், கட்டணம் வாங்குபவரும், நீதிபதி முன் எழுந்து வாதாடுபவரும் ஒருவரே.

2000ஆம் ஆண்டில் லிங்கனின் சட்டத் தொழில் சார்ந்த ஆவணங்கள் யாவும் திரட்டி வெளியிடப்பட்டன. அவரும் அவருடைய பங்காளிகளும் 5,000க்கும் மேற்பட்ட வழக்குகளிற் சம்பந்தப்பட்டிருந்தமை அதனாற் புலனாயிற்று. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை கடன் வழக்குகள். இதற்குக் காரணம் லிங்கனின் விருப்பமன்று, அந்நாட்டின் பொருளாதாரம். குடியேற்ற நிலங்களிலே நாணயம் அரிது. குடியானவன் காணியையும் குதிரையையும் கலப்பையையும் வாங்கும்போது, இன்ன நாளில் இவ்வளவு பணம் தருவேன் என்று சீட்டு எழுதிக் கொடுப்பான். சீட்டைப் பெற்றவன் அதன் முதுகிற் கையொப்பமிட்டு இன்னொருவனுக்குக் கொடுப்பான். இவ்வாறு சீட்டே பணமாகக் கைமாறித் திரியும். 1837ஆம் ஆண்டில் நிதி நெருக்கடி வெடித்தபோது இச்சீட்டுகள் யாவும் ஒருங்கே நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த ஆண்டிலேயே லிங்கன் தொழிலைத் தொடங்கினார் என்பது அவருடைய அதிர்ஷ்டம் எனலாம், குடியானவர்களின் துரதிர்ஷ்டம்.

இத்தகைய வழக்குகளிலே சொல்வன்மைக்கு இடமில்லை. எதிராளி பெரும்பாலும் மன்றுக்கே வரமாட்டான். வந்தாலும் சொல்ல அவனிடம் எதுவுமிராது. நியாயவாதியின் வேலை, பழைய படிவத்தைப் பார்த்துப் புதிய மனுவை எழுதுவதும் தீர்ப்பைப் பெறுவதுமே. கட்டணம் ஐந்து டொலர், பத்து டொலர்; மிஞ்சினால் இருபது. ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் இருபத்தைந்து டொலர் அனுப்பியபோது, பதினைந்து போதும் என்று பத்தைத் திருப்பி அனுப்பிய கடிதம் 1856ஆம் ஆண்டுக்குரியது, இன்றும் இருக்கிறது. வாசிப்பு நூலுக்கு ஏற்ற செய்திதான். அதே லிங்கன் கட்டணம் தராத கட்சிக்காரர் சிலர்மீது வழக்கிட்டதும் உண்டு. அதை எந்த வாசிப்பு நூலும் சொல்வதில்லை.

ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், நீதிபதி ஊரூராகச் சென்று மன்றம் கூட்டுவார். எட்டாவது நீதிச் சுற்று எனப்பட்ட அப்பகுதி ஒருகாலத்திற் பதினான்கு கவுண்டிகளை உள்ளடக்கியிருந்தது. நீதிபதி டேவிட் டேவிசும் நியாயவாதிகளும் குதிரையிலும் வண்டியிலும் ஒன்றாகப் பிரயாணம் செய்து, ஒரே விடுதியில், சில வேளைகளில் ஒரே கட்டிலிற் படுத்துறங்கி, மறுநாள் மன்றில் எதிரெதிரே நின்றனர். இன்று எனக்குப் பங்காளி, நாளை எனக்கு எதிரி. லிங்கனின் அரசியல் நட்புகள் பல இச்சுற்றுப் பிரயாணத்தில் விளைந்தவையே. 1860இல் அவரைக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக்க முன்னின்று உழைத்தவரும் இந்த டேவிசே. 1858ஆம் ஆண்டின் ஆமஸ்ரோங் கொலை வழக்கிலே பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டி, அன்றிரவின் நிலவைப் பற்றிச் சாட்சி சொன்னது பொய்யென நிறுவிய கதையைப் பலர் அறிவர். அதைத் தழுவித் திரைப்படமும் வந்தது. அத்தகைய நாள்கள் அவருடைய தொழில் வாழ்விற் சிலவே.

இனி, நாம் நின்று நோக்க வேண்டிய இரு வழக்குகளுக்கு வருவோம்.

1841ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலினோய் உயர் நீதிமன்றம் தீர்த்த 'பெய்லி எதிர் குரொம்வெல்' வழக்கு, தோற்றத்தில் ஒரு சாதாரணக் கடன் வழக்கு. நான்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணைக் குரொம்வெல் என்பவர் பெய்லி என்பவருக்கு விற்றார். பெய்லி காசுக்குப் பதிலாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பெண் வேலைக்குக் கட்டுண்டவள் என்பதற்கான அத்தாட்சி தரப்படவேயில்லை. அவளோ தான் சுதந்திரமானவள் என்று கூறிச் சில மாதங்களில் வெளியேறிவிட்டாள். குரொம்வெல் இறந்தபின் அவருடைய சொத்தை நிருவகித்தோர் சீட்டுப் பணத்தைக் கேட்டு வழக்கிட்டுக் கீழ்மன்றில் வென்றனர். மேன்முறையீட்டிலே லிங்கன் பெய்லிக்காகத் தோன்றினார். இலினோய் அடங்கிய பிரதேசத்தில் அடிமைமுறையை 1787ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. மறுதலையாக நிறுவப்படும்வரை நிறம் எதுவாயினும் ஒவ்வொருவரும் சுதந்திரமானவரென்றே கொள்ளல் வேண்டும். சுதந்திரமான ஒருவரை விற்க முடியாது. விற்க முடியாத பொருளுக்கு எழுதிய சீட்டுச் செல்லாது. நீதிமன்றம் இதனை ஏற்றது.

நான்ஸ் இவ்வழக்கில் வழக்காளியுமல்லள், எதிராளியுமல்லள். வழக்கு பணத்தைப் பற்றியது. ஒரு மனிதப் பிறவியின் சுதந்திரம், கடனைக் கொடுக்காதிருப்பதற்கான ஒரு நியாயமாக அங்கே எடுத்துவைக்கப்பட்டது; வென்றது. லிங்கனைத் துதிப்போர் இத்தீர்ப்பைப் பெரிதாகக் கொண்டாடுவர். கொண்டாடட்டும். ஆறாண்டு கழித்து நிகழ்ந்ததையும் அவர்கள் கூடவே சொல்ல வேண்டும்.

கெண்டக்கியைச் சேர்ந்த ரொபேட் மாட்சன் என்ற அடிமையுடைமையாளருக்கு இலினோயின் கோல்ஸ் கவுண்டியிலும் ஒரு பண்ணை இருந்தது. வருடந்தோறும் கெண்டக்கியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கி, பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்புவார். எவரும் இலினோயில் நிலையாகத் தங்கிவிட்டார் என்று பேச்சு எழலாகாது என்பதே இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். அந்தனி பிறையன்ற் என்பவர் மட்டும் விதிவிலக்கு. பண்ணையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தமையால் அவர் சுதந்திரமானவரானார். அவருடைய மனைவி ஜேனும் பிள்ளைகள் நால்வரும் அடிமைகளாகவே இருந்தனர். 1847ஆம் ஆண்டில், மாட்சனின் வீட்டை நடத்திவந்த பெண்ணுடன் மூண்ட பூசலொன்றின் விளைவாக, ஜேனும் பிள்ளைகளும் தெற்கே விற்கப்படப் போகிறார்கள் என்ற அச்சம் எழுந்தது. அக்குடும்பம் இரவோடிரவாகப் புறப்பட்டு, அருகிலிருந்த கிராமத்தில் அடிமைமுறையை எதிர்த்த இருவரிடம் அடைக்கலம் புகுந்தது. ஒருவர் அஷ்மோர் என்னும் விடுதிக்காரர். மற்றவர் றதர்போர்ட் என்னும் வைத்தியர்.

மாட்சன் சட்டத்தை நாடினார். சுதந்திரப் பத்திரம் கையிலில்லாத கறுப்பின மக்களைச் சிறையிலிட இலினோய்ச் சட்டம் இடமளித்தது. அடிமைமுறை இல்லாத மாநிலம் என்று பெயர் பெற்ற இலினோயின் உண்மை நிலை இதுவே. தாயும் பிள்ளைகளும் பல வாரங்கள் சிறையிலே கிடந்தனர். ஒக்டோபர் மாதத்திலே சாள்ஸ்ரன் நகரில் நீதிபதிகள் வில்சன், திறீட் இருவர் முன்னிலையில் விசாரணை நடந்தது. அடைக்கலம் கொடுத்தோர் பக்கத்தில் பிக்லின், கொன்ஸ்ரபிள் என்ற இரு நியாயவாதிகள். மாட்சன் பக்கத்தில் அஷர் லிண்டர். அவருடன் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கனின் வாதம் அவருடைய திறமைக்கு ஏற்றதாகவே இருந்தது. இலினோய் மண்ணில் நிலையாகக் குடியிருத்தப்பட்ட அடிமை சுதந்திரம் பெறுவான் என்பதை அவர் மறுக்கவில்லை; மறுக்க முடியாது. ஆனால் இவர்கள் குடியிருத்தப்பட்டவரல்லர், பருவ வேலைக்காக வந்து போகின்றவர் என்றார். மாட்சன் வருடந்தோறும் காட்டிவந்த சூட்சுமத்தைச் சட்டத்தின் மொழியிற் பெயர்த்துரைத்தார் என்பதே பொருந்தும். நீதிபதிகள் ஏற்கவில்லை. ஜேனும் பிள்ளைகளும் விடுவிக்கப்பட்டனர். அக்குடும்பம் பின்னர் லைபீரியாவுக்குச் சென்றது. ஏழு வாரங்களின் பின் லிங்கன் வாஷிங்டனிலே காங்கிரஸ் சபையில் ஆசனம் ஏற்றார்.

இதற்குச் சமாதானம் கூறுவோர் பலர். நியாயவாதி தன்னிடம் வந்த கட்சிக்காரரை ஏற்பதே தொழில் தருமம் என்பர் சிலர். ஆனால் லிங்கன் எவரையும் ஏற்றே தீரவேண்டிய கட்டாயத்தில் இருந்தவரல்லர். அச்சுற்றிலே வேறு நியாயவாதிகளும் இருந்தனர். அடைக்கலம் கொடுத்த வைத்தியர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, அவரும் லிங்கனையே முதலில் நாடியிருக்கிறார், மாட்சன் முந்திக்கொண்டார். அப்படியாயின், எப்பக்கத்தில் நிற்பது என்பதை நிர்ணயித்தது யார் முதலில் வந்தார் என்ற ஒன்றுதான். வேறு சிலரோ, லிங்கன் வேண்டுமென்றே வலுக்குறைத்து வாதாடித் தோற்றார் என்பர். இது விந்தையிலும் விந்தை. நேர்மைக்குப் பெயர்போன ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அவரைக் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்தவராக்குகிறார்கள்! 1837ஆம் ஆண்டிலேயே, மாநிலச் சட்டசபையில், அடிமைமுறை அநீதியில் நிலைகொண்டது என்று எழுத்திற் பதிந்தவர் லிங்கன். அவருடைய வெறுப்பு உண்மையானது. அவ்வெறுப்புக்கு அவருடைய அலுவலகத்திலே இடமிருக்கவில்லை என்பதும் உண்மையே.

எனது எண்ணத்தில், 1841இன் லிங்கனும் 1847இன் லிங்கனும் இருவரல்லர். இரண்டிலும் வழக்கின் பொருள் சொத்து. ஒன்றிலே சீட்டுச் சொத்து. மற்றதிலே மனிதச் சொத்து. சொத்தைப் பற்றிய தகராறைத் தீர்ப்பதற்கென அமைந்த தொழில், எது சொத்தாகலாம் எது ஆகலாகாது என்று தானாகக் கேட்பதில்லை. அக்கேள்வியை மன்றுக்குக் கொண்டுவந்தவர்கள் வெளியேறிச் சென்ற நான்சும் இரவிலே புறப்பட்ட ஜேனும். அவர்கள் நடந்திராவிட்டால் வழக்கே இல்லை.

1850களிலே கட்சிக்காரரின் தன்மை மாறியது. புகையிரதம் வந்துவிட்டது. 1851இல் அமைந்த இலினோய் சென்றல் புகையிரதக் கம்பனி அரசிடமிருந்து 25 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காணியைப் பெற்றது. தன் வருமானத்தில் ஒரு விகிதத்தை மாநிலத்துக்குச் செலுத்துவதால் வேறு வரி தரவேண்டியதில்லை என்று கம்பனி கூறிற்று; மக்ளீன் கவுண்டி அதன் சொத்துக்கு வரி விதித்தது. தன் சொந்தக் குடிமக்களிடம் வரி அறவிடும் கவுண்டி, தன் எல்லையிலுள்ள மிகப்பெரிய சொத்துக்காரனிடம் அறவிடலாமா கூடாதா என்பதே வழக்கு. லிங்கன் முதலில் அயற்கவுண்டி ஒன்றின் எழுதுவினைஞருக்குக் கடிதம் எழுதி, உங்களுக்கே முதலுரிமை, என்னை அமர்த்துகிறீர்களா என்று கேட்டார். கவுண்டியிடமிருந்து காரியம் ஒன்றும் நடக்கவில்லை, கம்பனி அமர்த்திக்கொண்டது. 1856ஆம் ஆண்டு ஜனவரியில் மாநில உயர் நீதிமன்றம் கம்பனிக்குச் சார்பாகத் தீர்த்தது. கடிதத்துக்கு வேறு மறுமொழி வந்திருந்தால் அவர் குடியானவர் பக்கத்தில் நின்று அதே வன்மையுடன் வாதாடியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கட்டணம் கேட்டபோது கம்பனி முகஞ்சுளித்தது. லிங்கன் 5,000 டொலர் கோரி அக்கம்பனிமீதே வழக்கிட்டு, 1857ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வென்றார். முன்னர் பெற்ற 200 போக 4,800 கிடைத்தது. பாதி ஹேர்ண்டனுக்கு. அவருடைய வாழ்வில் மிகப் பெரிய கட்டணம் அதுவே. வழக்கிட்ட பின்னும் கம்பனி அவரைத் தொடர்ந்து அமர்த்திக்கொண்டது! அதே ஜூன் மாதத்திலேதான், கறுப்பின மக்கள் குடிகளாக முடியாதென்ற ட்ரெட் ஸ்கொட் தீர்ப்பை எதிர்த்து லிங்கன் ஸ்பிறிங்பீல்டிலே பேசினார். செப்டெம்பரில் சிக்காகோ நகரிலே, மிசிசிப்பி ஆற்றின் முதற் புகையிரதப் பாலத்தில் மோதி எரிந்த நீராவிக் கப்பலின் உரிமையாளர் கொண்டுவந்த வழக்கிலே பாலத்துக்காக வாதாடினார். ஜூரிமார் ஒருமைப்படாது கலைந்தனர். ஆற்றுவழி தெற்கே ஓடுவது. புகையிரதம் கிழக்கும் மேற்குமாக ஓடுவது. கூலி உழைப்பிலே நின்ற வடக்கின் முதலாளித்துவமும் அடிமை உழைப்பிலே நின்ற தெற்கும் மோதப்போகும் களம் அவருடைய வழக்கேடுகளில் ஏற்கனவே தெரிந்தது. லிங்கனுடைய தொழில் நலனும் அரசியற் கொள்கையும் முதன்முறையாக ஒரே திசையை நோக்கின எனலாம்.

இன்னொரு கடிதத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1858 நவம்பரில், செனற் சபைப் போட்டியில் டக்ளசிடம் தோற்ற கையோடு, செயின்ற் லூயிஸ் நகரின் மொத்த வியாபாரிகள் சிலருக்கு லிங்கன் சலிப்புடன் எழுதினார். கடனாளிகளின் காணிகளைத் தேடிப்பிடித்து விற்றுத் தருவதில் தாமதமென்று அவர்கள் குறைப்பட்டிருந்தனர். மன்றில் வழக்காட முடியும், தீர்ப்பைக் காவிக்கொண்டு கடனாளியின் உடைமையைத் துரத்தி அலைய முடியாது, இந்த வகை வேலையே இனி வேண்டாம் என்ற கருத்துப்பட அக்கடிதம் அமைந்தது. ஏலத்திற் போன அந்தக் குதிரையை அவர் எண்ணினாரோ என்னவோ!

1861ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் ஸ்பிறிங்பீல்டை விட்டுப் புறப்பட்டார். பெயர்ப் பலகை அப்படியே தொங்கட்டும் என்று ஹேர்ண்டனிடம் சொல்லிச் சென்றார். மார்ச் மாதப் பதவியேற்புரை ஒரு நியாயவாதியின் உரையே: அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதில் தலையிடும் உரிமை தமக்கில்லை, தப்பியோடியோரைத் திருப்பியளிக்கும் சட்டமும் சட்டமே என்றார். அவருடைய புதிய கட்சிக்காரர் அரசியலமைப்பு. அதன் உறுதிப்பத்திரத்தில் அடிமையுடைமையும் எழுதப்பட்டிருந்தது.

மீண்டும் வழக்கைக் கொண்டுவந்தவர்கள் நடந்து வந்தவர்களே. 1861ஆம் ஆண்டு மே மாதத்தில், பேக்கர், மலரி, ரவுண்சென்ட் என்ற மூன்று அடிமைகள் வெர்ஜீனியாவிலுள்ள மன்றோக் கோட்டையிலிருந்த வடபடையிடம் வந்து சேர்ந்தனர். தளபதி பட்லரும் ஒரு நியாயவாதி. உடைமையாளர் சார்பில் ஒருவர் வந்து, சட்டப்படி திருப்பித் தருக என்றார். வெர்ஜீனியா தன்னை அந்நிய நாடென்கிறது, ஆகவே எமது சட்டம் அதற்கில்லை என்று பட்லர் மறுத்தார். மேலும், எதிரி தன் யுத்தத்துக்குப் பயன்படுத்தும் சொத்தை யுத்தப் படை கைப்பற்றலாம் என்றார். மனிதரைச் சொத்து என்ற அதே வாதம், உடைமையாளருக்கு எதிராகத் திருப்பப்பட்டது. மூவர் நூற்றுவராயினர், பின்பு பல்லாயிரவராயினர். காங்கிரஸ் அவர்களுக்கேற்பச் சட்டங்களை இயற்றிற்று.

1863 ஜனவரி முதலாந் திகதிய விடுதலைப் பிரகடனத்தைப் படிப்பவர்கள் அதன் வறட்சியைக் கண்டு ஏமாறுவர். யுத்த அவசியம் என்ற காரணம் காட்டப்படுகிறது. விலக்களிக்கப்பட்ட கவுண்டிகள் காணி உறுதியில் எல்லை வகுப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பெயர் குறிக்கப்படுகின்றன. ஒன்றியத்தோடு நின்ற அடிமை மாநிலங்கள் தொடப்படவே இல்லை. நீதிமன்றத்திலே எவரும் உடைக்க முடியாதவாறு எழுதவேண்டும் என்ற கவலை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. கார்ல் மார்க்ஸ் இதை உடனேயே கண்டுகொண்டார். முதற் பிரகடனம் வந்த சில வாரங்களில், 1862 ஒக்டோபரிலே, வியன்னாவின் 'டி பிரெஸ்' பத்திரிகையில் எழுதும்போது, லிங்கனின் சாசனங்கள் ஒரு நியாயவாதி எதிர்க்கட்சி நியாயவாதிக்கு அனுப்பும் அற்ப அறிவித்தல்களைப் போலத் தோன்றுகின்றன என்றார். அத்தோற்றம் அவற்றின் வரலாற்று உள்ளடக்கத்தைக் குறைப்பதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். 1864இல் லிங்கன் மீண்டும் தெரிவானபோது சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் வாழ்த்தை வரைந்தவரும் மார்க்சே. இலண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் மூலம் அதற்கு மறுமொழியும் வந்தது.

தம் பிரகடனம் யுத்தம் முடிந்தபின் மன்றிலே நிலைக்குமோ என்ற ஐயம் லிங்கனை விட்டகலவில்லை. ஆகவேதான் அரசியலமைப்பின் உறுதியையே திருத்த வேண்டுமென்று வற்புறுத்தினார். பதின்மூன்றாவது திருத்தம் 1865 ஜனவரியிற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிற்று. ஏப்பிரலில் அவர் கொல்லப்பட்டார். டிசம்பரிலே திருத்தம் சட்டமாயிற்று. லிங்கன் பிறந்த மண்ணும், மாட்சன் தன் அடிமைகளைக் கொண்டுவந்த மண்ணுமான கெண்டக்கியிலே, பிரகடனத்தினால் விடுதலை பெறாதிருந்தவர்கள் அன்றுதான் சட்டப்படி விடுபட்டனர். அத்திருத்தத்துக்குக் கெண்டக்கிச் சட்டசபை தன் சம்மதத்தைத் தெரிவித்த ஆண்டு 1976.